எதிர்த்தலும் சகித்தலும்: காட்டெலியின் உடல் எழுப்பும் ஓர் அறவினா

தீங்கை எதிர்ப்பவன் வீரன், எதிர்க்காது சகித்திருப்பவன் கோழை என மதிப்பிடுவது மனித சமுதாயத்திற் பெருவழக்காக உள்ளது. நோயைப் பற்றிப் பேசும்போதும் நாம் இவ்வளவுகோலையே கையாளுகின்றோம். நோயை வென்ற உடலை உரமான உடல் என்று புகழ்கின்றோம். நோய்க்கு இடங்கொடுத்த உடலைப் பலவீனமானது என்று இழித்துரைக்கின்றோம். இம்மதிப்பீடு எவ்வளவு தூரம் நியாயமானது? கலைப்பீட மாணவன் ஒருவன் இதற்கு விடைதேடி எலியின் குடலுக்குள் நுழைவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயினும், காட்டில் வாழும் எலிகளையும் அவற்றின் குடற்புழுக்களையும் பற்றி அண்மைக் காலத்தில் வெளிவந்த ஆய்வுகள் ஒழுக்கவியல் மாணவனும் ஊன்றி நோக்கத்தக்கவை என்பது என் துணிபு.

முதலில் உடலின் செயலை நோக்குவோம். பற்றீரியா போன்ற நுண்ணுயிர்களை வெண்குருதிக் கலங்கள் விழுங்கி அழிக்கக்கூடும். குடற்புழுவோ அவ்வாறு விழுங்கத்தக்க அளவினதன்று. ஆகவே உடல் வேறொரு வழியை நாடுகின்றது. குடற்சுவர் சளியை மிகுதியாகச் சுரக்கின்றது. குடலின் தசைகள் விரைந்து சுருங்குகின்றன. சுவரின் மேற்கலங்கள் வேகமாக உதிர்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. புழுவைக் குடியிருக்க விடாது துரத்துவதே இவற்றின் நோக்கமாகும். இதனையே எதிர்ப்பு என்கின்றனர். இவ்வெதிர்ப்புக்குச் சக்தி செலவாகின்றது. எதிர்ப்பு அளவு மீறினால் உடலின் சொந்த இழையங்களே பழுதடைகின்றன. இதனின் வேறான வழியும் ஒன்றுண்டு. புழுவை இருக்க விட்டு, அது விளைக்கும் சேதத்தை மட்டும் குறைத்துக்கொண்டு வாழ்வதே அது. உயிரியலார் இதனைச் சகிப்பு என்பர். சகிப்பை எதிர்ப்பின் இன்மை எனக் கொள்வது தவறு. அதுவும் உடல் முயன்று ஆற்றும் ஒரு செயலேயாம்.

நிர்ப்பீடனம் பற்றிய நமது அறிவின் பெரும்பகுதி ஆய்வுகூட எலிகளிலிருந்து பெறப்பட்டதாகும். தூய கூடு, குறையாத தீனி, மாறாத வெப்பநிலை ஆகியவற்றுக்கிடையே வளரும் அவ்வெலிகளுள் சில இனங்கள் சாட்டைப்புழுவை எளிதில் வெளியேற்றிவிடும். 2018 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அத்தகைய எலிகள் கூட்டிலிருந்து எடுக்கப்பட்டுத் திறந்தவெளி அடைப்புக்குள் விடப்பட்டன. மண்ணும் மழையும் அறிந்த குறுகிய காலத்துள்ளேயே அவை புழுத்தொற்றுக்கு எளிதில் ஆளாயின. கூட்டில் இருந்தவற்றிலும் மிகுதியான புழுக்கள் அவற்றின் குடலிற் காணப்பட்டன. பரம்பரை அலகுகள் மாறவில்லை, மாறியது வாழிடமே. அவ்வாறாயின், முன்னர் அவற்றிடம் நாம் கண்டு வியந்த வலிமை யாருடையது? எலியினுடையதா, கூட்டினுடையதா?

2021 இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இவ்வினாவை மேலும் கூர்மையாக்குகின்றது. ஸ்கொட்லாந்தின் காட்டெலிகள் சிலவற்றுக்குப் போசணைமிக்க உணவு மேலதிகமாக வழங்கப்பட்டது. அவற்றின் குடற்புழுக்கள் குறைந்தன. மலத்தோடு வெளியேறும் புழுமுட்டைகளும் குறைந்தன. புழுநீக்கி மருந்தும் அவற்றிடத்துச் சிறப்பாக வேலை செய்தது. எதிர்க்கும் ஆற்றலை அவ்வெலிகளுக்கு ஊட்டியது உணவே எனலாம்.

2014 இல் வெளியான ஓர் ஆய்வு, வட இங்கிலாந்தின் கீல்டர் வனத்தில் வோல் எனப்படும் சிறு கொறிவிலங்குகளைப் பற்றியது. அவற்றுள் இளம் ஆண்களிலும் பார்க்க முதிர்ந்த ஆண்கள் ஒட்டுண்ணிகளைக் குறைவாகவே எதிர்த்தன; ஒட்டுண்ணிகள் பெருகப் பெருகத் தம் உடல்நிலையைப் பேணுவதிற் கூடிய முதலீடு செய்தன. அதனால் அவற்றின் ஆயுள் நீண்டது. எனினும் இனப்பெருக்க முயற்சி குன்றியது. எதிர்ப்புக்கு விலை உண்டென்று முன்னர் கண்டோம். சகிப்புக்கும் விலை உண்டென்பதை இவ்விலங்குகள் காட்டுகின்றன.

ஈண்டு ஓர் ஆட்சேபம் எழுதல் இயல்பு. உள்ளது ஒன்றிலிருந்து உள்ளவாறே 'செய்ய வேண்டியது' பெறப்படாது என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே டேவிட் ஹியூம் சுட்டிக்காட்டினார். வோல் சகிக்கின்றது, ஆகவே மனிதனும் சகிக்க வேண்டும் என வாதிடல் பேதைமை. அன்றியும், சகிக்கும் விலங்கின் குடலிலுள்ள புழு முட்டையிட்டுக்கொண்டே இருக்கின்றது. அம்முட்டைகள் மண்ணை அடைந்து அயலிலுள்ள விலங்குகளைத் தொற்றுகின்றன. ஒருவரது சகிப்பின் விலையை மற்றொருவர் செலுத்த நேர்கின்றது. அநீதியைச் சகிப்போர் பற்றியும் இவ்வாறு கூறுதல் கூடும். ஆகவே சகிப்பைப் போற்றிப் பாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று.

ஆயின், விஞ்ஞானச் செய்திக்கும் அறத்துக்கும் தொடர்பே இல்லையா? உண்டு. கடப்பாடு என்பது இயலுமையை உட்கொண்டது என்பது காந்தின் ஒழுக்கவியலோடு இணைத்துப் பேசப்படும் கோட்பாடு. 'நீ எதிர்த்திருக்க வேண்டும்' என்று ஒருவனைக் கடிந்துரைக்குமுன், 'அவனால் எதிர்த்திருக்க இயலுமா?' என்று கேட்டாக வேண்டும். இவ்விரண்டாவது வினா உண்மை நிகழ்ச்சி பற்றிய வினா. அதற்கு விடையளிக்க விஞ்ஞானத்துக்கு உரிமை உண்டு. எதிர்க்கும் ஆற்றல் உடலுக்குள்ளே மட்டும் உறைவதன்று. உணவிலும் மண்ணிலும் வாழிடத்திலும் அது பரந்து கிடக்கின்றது என்பதே அவ்விடை.

நமது நாட்டின் வரலாறு இதற்குச் சான்று பகரும். 1916 இல் றொக்பெல்லர் மன்றத்தின் ஆதரவுடன் இலங்கைப் பெருந்தோட்டங்களிற் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பெற்றது. தொழிலாளருக்கு மருந்து கொடுக்கப்பட்டது, புழுக்கள் நீங்கின. ஆனால் மலசலகூடங்கள் போதாத லயன்களைச் சூழ்ந்த மண் மாறவில்லை. வெறுங்காலுடன் அம்மண்ணில் நடந்தோரைப் புழு மீண்டும் பற்றியது. அத்தொழிலாளரின் உடல் தோற்றது என்பதா? புழு உறிஞ்சிய குருதியால் வெளிறிச் சோர்ந்த உடலைச் சோம்பேறியின் உடலாகக் காண்பது மேற்பார்வை செய்வோனுக்கு எளிது. அது அவனுக்கு வசதியானதுங்கூட. பழி தொழிலாளியைச் சேர்ந்தபின் மலசலகூடம் கட்டும் கடமை எவரையும் சாராதன்றோ?

எதிர்ப்பவரைப் போற்ற வேண்டாமென நான் கூறவில்லை. எதிர்க்க முடியாது போனவரைப் பழிக்குமுன், அவருக்கு எதிர்க்கும் வலிமையைத் தரவல்ல உணவும் நிலமும் யார் கையில் இருந்தன என்று வினவுதல் வேண்டும். வலிமை பகிரப்படத்தக்க பொருளாயின், அது இல்லாதவனிடம் நாம் கேட்கும் கணக்கை, அதனைப் பகிராது வைத்திருந்தவனிடமும் கேட்டல் முறையாகும். இக்கேள்வியை எழுப்பாத எந்த ஒழுக்கவியலும் கூட்டில் வளர்ந்த எலியை மட்டும் கண்டு எலியினம் முழுவதற்கும் விதி வகுத்த தவற்றையே செய்வதாகும்.