ஓட்டச் செலவும் வினைக் கணக்கும்

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்கு இறங்கும்போது பழைய பெற்றோல் கார் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கும். மின்சாரக் கார் அதே இறக்கத்தில் பற்றறிக்குக் கொஞ்சம் கரண்டைத் திருப்பி ஏற்றிக்கொள்ளும். மலைப்பாதையில் லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடும் பழைய கார், பெற்றோல் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிலோமீற்றருக்கு 30 ரூபாய் கேட்கும். யூனிற்றுக்கு ஆறு கிலோமீற்றர் ஓடும் மின்சாரக் கார், யூனிற் 60 ரூபாயானாலும் 10 ரூபாயோடு நின்றுவிடும். 2022 ஜூனில் பெற்றோல் 470 ரூபாயைத் தொட்டபோது தோட்டத் தொழிலாளியின் 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கு இரண்டு லீற்றரும் சொச்சமும்தான் கிடைத்தன. எது மலிவு என்பதில் வழக்கில்லை. செலவு என்று எதைச் சொல்கிறோம் என்பதில்தான் வழக்கு.

இதை அளக்கச் சைவ சித்தாந்தத்தில் ஓர் அளவுகோல் இருக்கிறது. அது வினையை மூன்றாக வைக்கிறது: சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்போது அனுபவிக்கும் பிராரத்தம், அனுபவிக்கும்போதே புதிதாக ஏறும் ஆகாமியம். இந்தக் கணக்கில் ஓட்டச் செலவு பிராரத்தம் மட்டுமே. மின்சாரக் காரின் சஞ்சிதம் இந்த மலையிலேயே கிடக்கிறது. நீர்மின்சாரத்துக்காக மவுசாக்கலையில் அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. நீர் வற்றும் காலத்தில் அதன் வழிபாட்டிடங்கள் இன்றும் தலைகாட்டுகின்றன. கரண்ட் பிறந்த இதே மலையில் பல தோட்ட லயங்களுக்கு அது வெகுகாலம் பிந்தித்தான் வந்தது. மழை பொய்த்தால் எண்ணெயை எரித்துப் பற்றாக்குறையை நிரப்புகிறார்கள். நுரைச்சோலை மின்நிலையத்தில் நிலக்கரி எப்படியும் எரிகிறது. பற்றறிக்காக எங்கோ தோண்டப்படும் லித்தியமும், நாளை அந்தப் பற்றறியைக் கழித்துப் போட வேண்டிய இடமும் ஆகாமியக் கணக்கில் ஏறும்.

அப்படியானால் பெற்றோலே மேல் என்று ஒருவர் சொல்லக்கூடும். இல்லை; அதன் சஞ்சிதம் இன்னும் பெரிது, கடலுக்கு அப்பால் கிடப்பதால் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவே. வினை தனி உயிருக்குரியது, ஒரு நாட்டின் அணைக்கு நான் எப்படிப் பொறுப்பு என்பது இதைவிடக் கனமான மறுப்பு. சித்தாந்தப்படி அது சரிதான். நான் கடன் வாங்குவது அளவுகோலை மட்டும், கோட்பாட்டை அல்ல. ஆனாலும் எல்லாருக்கும் பொதுவான பழி என்று பங்கிட்டுவிட்டால் ஒருவர் தலையிலும் அது நிற்காது என்பதையும் பார்க்க வேண்டும். தாமே தெரிந்து திருப்பும் சாவிக்கு ஒவ்வொருவரும் தனித்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த அளவுகோலால் அளந்தால் விடை வாகனத்தின் பெயரில் இல்லை, ஓடும் தூரத்தில் இருக்கிறது. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா என்று நாள்தோறும் ஓடும் வாகனம் பெற்றோலில் ஓடினால் அன்றன்றைக்கு ஆகாமியத்தை ஏற்றிக்கொள்கிறது. அதை மாற்றுவதே நியாயம். மாதத்தில் இரண்டு தடவை கோயிலுக்கும், எப்போதாவது ஒரு கலியாணத்துக்கும் மட்டும் கொட்டகையை விட்டு வெளியே வரும் பழைய காரின் கதை வேறு. அதைச் செய்த இரும்பின் கடன் எப்போதோ ஏறிவிட்டது. கிலோமீற்றருக்கு 20 ரூபாய் மிச்சம் என்பதற்காக அதை ஒதுக்கிவிட்டுப் புதிய பற்றறி ஒன்றைத் தோண்டி எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.