அந்த மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி

நல்லூர்த் திருவிழாக் காலம் வந்தால் வெள்ளவத்தை வீடுகளில் பாய் தலையணைக்குத் தட்டுப்பாடு. ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று வருகிற உறவுகள் யாழ்ப்பாணம் போகும்போதோ திரும்பும்போதோ கொழும்பில் இரண்டு நாள் நிற்பார்கள். பெட்டியை வைத்து முகம் கழுவியதும் கேட்பது ஒரே கேள்வி: "இங்க நல்ல ரெஸ்ரோரண்ட் எது?"

பதில் நம்மிடம் தயாராக இருக்கும். ஊர்ச் சாப்பாடு வேண்டுமா, மரைன் டிரைவ் பக்கம் யாழ் உணவகத்துக்குப் போங்கோ, ஒடியல் கூழ் குடிக்கலாம். சைவமென்றால் இராமகிருஷ்ண வீதி சண்முகாஸ். கொஞ்சம் எடுப்பாக வேண்டுமென்றால் கொள்ளுப்பிட்டி ரேணுகா ஹோட்டலில் பல்மைரா. காசு பிரச்சினை இல்லையென்றால் கோட்டையில் டச்சு ஆஸ்பத்திரிக்குள் இருக்கிற மினிஸ்ட்ரி ஒஃப் க்ராப். பட்டியல் கீழே போகப் போக, சொல்கிற நாம் அங்கே போன தடவைகள் குறைந்துகொண்டே போகும். கடைசிப் பெயரைப் பெரும்பாலும் கேள்விப்பட்டுத்தான் சொல்கிறோம். இத்தனை வருடம் இந்த நகரத்தில் வாழ்ந்துவிட்டு, இதன் நல்ல சாப்பாட்டை அடுத்தவருக்குக் கைகாட்டி விடுகிறவர்களாக மட்டும் ஏன் இருக்கிறோம்?

அந்தக் கடைசிக் கடையின் நண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம், மட்டக்களப்புக் களப்புகளில் பிடிபடுகிற பெரிய நண்டுகளைக் காலைக் கட்டி, உயிரோடு பெட்டியில் அடுக்கி, விமானத்தில் ஏற்றுகிறார்கள். சிங்கப்பூரில் மிளகாய் நண்டும் மிளகு நண்டும் சமைக்கிற கடைகளில் இலங்கை நண்டு என்றால் தனி மதிப்பு. நல்லது வெளியே போகும், கால் முறிந்ததும் சிறியதும் உள்ளூர்ச் சந்தைக்கு வரும். பல காலமாக இதுதான் நடப்பு. தேயிலைக்கும் கறுவாவுக்கும் இதே கதைதான். 2011இல் தர்ஷன் முனிதாச என்ற சமையற்காரர், கிரிக்கெட் வீரர்கள் மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்கார இருவரோடும் சேர்ந்து மினிஸ்ட்ரி ஒஃப் க்ராப்பைத் திறந்தபோது, ஏற்றுமதிக்குப் போகிற தரத்து நண்டு இந்த ஊரிலேயே தட்டுக்கு வந்தது. அரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை நிறை பார்த்து விலை. ஆசியாவின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியலில் பல தடவை இடம்பிடித்த கடை அது. நம் களப்பு நண்டுக்கு இந்த ஊரிலேயே ஒரு மரியாதை கிடைத்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

ஆனால் அந்தச் சந்தோஷத்தோடு அங்கே போய் உட்கார நமக்குக் கால் வருவதில்லை. காசு ஒரு காரணம், அதற்குப் பிறகு வருகிறேன். இன்னொரு காரணம் பழையது. கடை இருக்கிற அந்த டச்சு ஆஸ்பத்திரி 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கட்டியது. போர்க்காலத்தில் கோட்டைப் பொலிஸ் நிலையம் சில காலம் அதற்குள்தான் இயங்கியது. 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் அந்தக் கட்டடமும் சேதமடைந்தது. அப்போதெல்லாம் கோட்டைப் பக்கம் போவதென்றால் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் போவோம். பொழுதுபடுமுன் வீடு திரும்பிவிட வேண்டும். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் 370க்கு மேற்பட்டோரைப் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்து உத்தரவிட்டது. உத்தரவு வந்தாலும், இந்த நகரத்தில் நாம் தற்காலிகம் என்ற நினைப்பு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வீடுகளை விட்டு இன்னும் போகவில்லை. வேலைக்குப் போவோம், கோயிலுக்குப் போவோம், பிள்ளைகளை ரியூஷனுக்குக் கூட்டிப் போவோம். நகரத்தின் சுகங்களை மட்டும் வந்து போகிறவர்களுக்கு விட்டுவிடுவோம். கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கிற பூப்போட்ட பீங்கானை விருந்தாளிக்கு மட்டும் எடுத்து, நாம் எவர்சில்வர் தட்டில் சாப்பிடுகிற அதே பழக்கம்தான் இது.

எங்கள் மாமியும் அப்படித்தான். 1995 இடப்பெயர்வோடு யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர். கனடாவிலிருந்து வந்த மருமகன் முறையான ஒருவர் எல்லோரையும் அந்த நண்டுக் கடைக்குக் கூட்டிப்போகிறேன் என்றபோது, "எனக்கேன் அப்பன், நீங்கள் போட்டு வாங்கோ, நான் வீட்டில புட்டு அவிச்சு வைக்கிறன்" என்றார். பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனோம். உயர்ந்த கூரையைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார். மிளகு நண்டு வந்தது. உடைப்பதற்குக் கொடுத்த குறட்டை ஓரமாக வைத்துவிட்டு, பெரிய காலின் மூட்டைக் கையாலேயே மடக்கி முறித்தார். ஓடு கழன்று சதை முழுசாக வெளியே வந்தது. அதைப் பார்த்ததும்தான் முகம் மலர்ந்தது. "உயிர் நண்டுதான். சதை குழையேல்ல பார்" என்றார். பிறகு குழம்பை விரலில் தொட்டு வாயில் வைத்தார். "மிளகை அரைக்கேல்ல, இடிச்சிருக்கினம். அதுதான் இந்த வாசம்." பரிமாறிய பையனைக் கூப்பிட்டு, நண்டு எந்தக் களப்பு என்று தமிழிலேயே விசாரித்தார். முருங்கையிலை போடாத நண்டுக்கறி கறியா என்று ஒரு குறையும் சொன்னார். அன்று அந்த மேசையில் இருந்த எங்களில் சமையல் தெரிந்து சாப்பிட்டவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் படம் எடுத்தோம், நல்லாயிருக்கு என்றோம். அடுத்த கிழமை வீட்டு நண்டுக்கறியில் இடித்த மிளகு வாசம் வந்தது. முருங்கையிலையும் இருந்தது.

இனிக் காசு. பெரிய நண்டு ஒன்றின் விலை பல்லாயிரம் ரூபாய். 2022இல் காஸ் சிலிண்டருக்கு விடிய விடிய வரிசையில் நின்ற ஊர் இது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். பக்கத்து வீட்டில் ஒரு நேரச் சாப்பாட்டைக் குறைக்கிறார்கள் என்று தெரிந்தும் அப்படி ஒரு தட்டின் முன் உட்காரலாமா? இந்தக் கேள்வியை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். கடன் வாங்கிப் போக வேண்டிய இடமல்ல அது. மாதாமாதம் போகிற இடமுமல்ல. பசித்தவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, வருடத்தில் ஒரு தடவை, தன் கைத்தொழிலை உயிராக நினைக்கிற ஒரு சமையற்காரரின் வேலையைச் சாப்பிட்டுப் பார்ப்பதில் குற்றமில்லை என்பதே என் தீர்மானம். நகைக்கும் சாமத்தியச் சடங்கு மண்டபத்துக்கும் லட்சக்கணக்கில் கொடுக்கத் தயங்காத நாம், சாப்பாட்டுக்கு மட்டும் காசைக் கரியாக்குகிறோம் என்று சொல்வது நியாயமில்லை.

விலை கூடினதுதான் நல்ல இடம் என்றும் நான் சொல்லவில்லை. ஒடியல் மாவைக் கரைத்து, நண்டும் இறாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டு, பழப்புளி விட்டுக் காய்ச்சிய கூழைச் சூடாகக் குடித்தவருக்கு அதற்கு மேல் ஒரு விருந்து தேவையில்லை. அந்தக் கூழுக்காகவும் நாம் விருந்தாளி வரும்வரை காத்திருக்கிறோம் என்பதுதான் என் மனவருத்தம்.

அடுத்த தடவை யாராவது வந்து நல்ல கடை கேட்டால், பெயரையும் வழியையும் சொல்லி ஓட்டோவில் ஏற்றிவிட்டு நின்றுவிடாதீர்கள். கூடப் போங்கள். உங்கள் வீட்டில் தினமும் அடுப்படியில் நிற்கிறவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், அவர் வேண்டாம் என்று சொன்னாலும். மேசைக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கும்போது அவரையும் சேர்த்து எண்ணிச் சொல்லுங்கள்.