வலியும் வாய்மையும்

முழங்கால் மூட்டுத் தேய்ந்தபோது எனக்கு முதலில் தடைப்பட்டது நடையன்று, ஜபம். சம்மணமிட்டு அரை மணி நேரம் அமர இயலவில்லை. எடையைக் குறைக்கவும், தொடைத் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியைச் செய்யவும் மருத்துவர் கூறினார். மனமோ விரைவான வழியைத் தேடியது. அன்பர் ஒருவர் சொல்லக் கேட்டு, குளுக்கோஸமைன் என்னும் துணை உணவு மாத்திரையை நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம் வீதம் மூன்று மாதங்கள் உட்கொண்டேன். வலி குறைந்தது.

நோய்க்குப் பரிகாரம் தேடுவது சாதகனுக்குத் தகுமா என்ற கேள்வியில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. பரிகாரம் தேடாமலும் புலம்பாமலும் துன்பத்தைப் பொறுப்பதே திதிக்ஷை என்று விவேகசூடாமணி இலக்கணம் வகுக்கிறது, உண்மையே. ஆயினும் 1885-இல் தொண்டைப் புற்றுநோயால் அவதியுற்ற ஸ்ரீராமகிருஷ்ணர், டாக்டர் மகேந்திரலால் சர்க்காரின் சிகிச்சையை ஏற்றுக்கொண்டார். அவரினும் மிக்க திதிக்ஷை நமக்கு இல்லை.

அந்த மாத்திரை பெரும்பாலும் இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து செய்யப்படுகிறது என்பதை நான் பிற்பாடே அறிந்தேன். மக்காச்சோளத்தைக் கொண்டு நொதித்தல் முறையில் செய்யப்படும் சைவ வகையும் உண்டு. கேட்டு வாங்க வேண்டும். நான் கேட்கவில்லை. நம் விரதங்களை வலி எவ்வளவு எளிதில் மறக்கச் செய்துவிடுகிறது!

என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தது வேறொன்று. எங்கள் சத்சங்கத்துக்கு வரும் மூதாட்டி ஒருவர், "தம்பி, அந்த மாத்திரையில் உங்களுக்குக் குணம் தெரிந்ததாமே, நானும் வாங்கட்டுமா?" என்று கேட்டார். குடும்ப ஓய்வூதியத்தில் காலம் தள்ளுபவர். இதய வால்வு சிகிச்சைக்குப் பின், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர்.

"ஆம்" என்ற சொல் நாவின் நுனிவரை வந்துவிட்டது. ஆனால் எனக்குத் தெரிந்ததுதான் என்ன? மாத்திரையை உண்டேன், வலி குறைந்தது. முன்னதால்தான் பின்னது நேர்ந்ததா? மூட்டு வலி ஏறி இறங்கும் இயல்புடையது. அது உச்சத்தில் இருக்கும்போதுதான் புதிய மருந்தை நாடுகிறோம்; பிறகு தானே தணிந்தாலும் புகழ் மருந்துக்கே போகிறது. போதாக்குறைக்கு, அதே மாதங்களில் நான் பயிற்சியும் செய்து வந்தேன். அமெரிக்காவில் முழங்கால் தேய்மானமுடைய 1583 பேரை ஐந்து பிரிவாக்கி, 24 வாரம் நடத்திய ஆய்வொன்று 2006-இல் வெளிவந்தது. குளுக்கோஸமைன் உண்டோரில் 64 சதவீதத்தினருக்கு வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தது. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை உண்டோரிலும் 60 சதவீதத்தினருக்கு அவ்வாறே. இவ்வளவு சிறு வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடியது. (காண்ட்ராய்ட்டினையும் சேர்த்து உண்டவர்களுள், வலி மிகுந்த ஒரு சிறு தொகுதியினர் கூடுதல் பயன் கண்டனர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

வெற்று மாத்திரைக்கே வலி தணியுமெனில், அந்த நம்பிக்கையை ஏன் கலைக்க வேண்டும்? குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே இடங்கொடுத்திருக்கிறாரே! ஆனால் அவர் விதித்த நிபந்தனை எளிதன்று. குளுக்கோஸமைன் வார்ஃபரினின் செயலை மிகுவித்து இரத்தப்போக்குக்கு வழிகோலலாம் என்ற எச்சரிக்கை உண்டு. நன்மைக்காகப் பொய் சொல்பவன் வரப்போவதையெல்லாம் அறிந்திருக்க வேண்டும். உண்மை சொல்பவனுக்குத் தான் கண்டது தெரிந்தால் போதும். வருவதை அறியும் ஆற்றல் எனக்கில்லை.

"ஆம்" என்று சொல்ல நான் ஏன் அவ்வளவு துடித்தேன் என்றும் எண்ணிப் பார்த்தேன். இரக்கம் மட்டுமன்று காரணம். செலவிட்ட பணம் வீணாகவில்லை என்பதற்கு இன்னொரு சாட்சி வேண்டியிருந்தது. மாத்திரையை நிறுத்திப் பார்க்கவும் துணிவில்லை. வலி நீங்குவதில் இருந்த பற்றைவிட, என் முடிவே சரி என்பதில் இருந்த பற்று பெரிதாக இருந்தது.

கண்டதை மட்டும் அவரிடம் கூறினேன். இதய மருத்துவரைக் கேளாமல் வாங்க வேண்டாம் என்றேன். அவர் முகம் வாடியது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எளிதாக இல்லை. சற்றுப் பொறுத்து, "அப்படியானால் கூடத்தில் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்வீர்களா? எல்லோரும் தரையில் இருக்கும்போது எப்படிக் கேட்பது என்று கூசிக்கொண்டிருந்தேன்" என்றார்.

மறுவாரம் பின்வரிசையில் இரண்டு நாற்காலிகள் போடப்பட்டன. இரண்டாவது எனக்கு. மாத்திரையையும் அந்த வாரமே நிறுத்திவிட்டேன். வலி சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை.