பூனைக்குட்டிக்கு விண்ணப்பப் படிவம்

ஒஹாயோவில் ஒரு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் இருக்கிறேன். பெல் கிராண்ட், அமெரிக்க அரசு மாணவருக்குத் தந்து, திருப்பிக் கேட்காத பணம். ஆனாலும் எடுத்த பாடங்களில் 67 சதவீதம் தேற வேண்டும். இரண்டாண்டு முடிவில் ‘சி’ சராசரியாவது வேண்டும். தவறினால் நின்றுவிடும்.

அருளுக்குத் தகுதி கேட்கலாமா? இதற்கு வைணவத்தின் இரு பிரிவுகளுக்கும் ஆளுக்கொரு உவமை: தாயைத் தானே பற்றும் குரங்குக்குட்டி வடகலை, தாய் கவ்விப்போகும் பூனைக்குட்டி தென்கலை. எங்கள் வீடு தென்கலை. நான் பார்க்கும் சட்டமோ பச்சை வடகலை!

நோய், உறவினர் மரணம் என்றால் முறையீடு செய்யலாம். ஆனால் இப்போது என்ன மாறியிருக்கிறது என்றும் எழுத வேண்டும். அம்மாவைப் பறிகொடுத்த பையனுக்கு என்ன மாறியிருக்கும்? கேட்கவே கூசுகிறது.

வடகலையாரும் சரணாகதியை ‘வியாஜம்’, அதாவது பெருமாள் இரங்க ஒரு சாக்கு, என்றுதான் சொல்வார்கள். அந்தப் பையன் எழுதித் தரும் நாலு வரியை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். மேலதிகாரி அப்படி வாசிப்பதில்லை.