பகையிலும் நீதி

திரைப்படத்தின் பக்கமே செல்லாத நான், மகனின் வற்புறுத்தலால் ‘பாலைவனச் சிங்கம்’ எனும் ஆங்கிலப் படத்தைப் பார்த்தேன். முஸ்தபா அக்காத் இயக்கி 1981இல் வெளிவந்த அது, லிபியாவின் மாவீரர் உமர் முக்தாரின் வரலாறு. அவர் குர்ஆன் ஓதிக்கொடுத்த ஆசிரியர்; 1911 முதல் இருபதாண்டுகள் இத்தாலியரை எதிர்த்துப் போரிட்டு, எழுபது வயதைக் கடந்தபின் 1931 செப்டம்பர் 16இல் தூக்கிலிடப்பட்டவர்.

போர்க்களங்களைவிட ஒரு காட்சியே என் நெஞ்சில் தைத்தது. தோழர்கள் கொல்லத் துடிக்கும் இளம் இத்தாலிய அதிகாரியிடம், அவனது நாட்டுக் கொடியையும் கொடுத்து முக்தார் திருப்பியனுப்புகிறார். அவன் சார்ந்த படையோ, பின்னர் பர்க்கா மக்களை முள்வேலி முகாம்களில் அடைத்துப் பல்லாயிரவரை மடியவிட்ட படை!

பகைவரிடத்தும் நீதி தவறலாகாது என்னும் மாயிதா அத்தியாயத்தின் எட்டாம் வசனத்தை மாணவர்க்கு முப்பதாண்டுகளாகப் போதிக்கிறேன். ஆயினும் பாகப்பிரிவினையில் எழுந்த ஒரு சொல்லுக்காக, உடன்பிறந்த தம்பிக்கு ஏழாண்டுகள் ஸலாம் உரைத்தேனில்லை. நியாயம் என் பக்கமே என்றிருந்தேன். முக்தாரின் பக்கமும் நியாயம் இருந்ததே!

அன்பர்களே, வீரரைப் புகழ்வது எளிது. அவர் அடக்கிய சினத்தை நாமும் அடக்குவதே அரிது. மறுநாள் சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் தம்பியின் வாயிலில் நின்றேன்.