கொடுத்து வந்ததை நிறுத்தலாமா?



மனதாரக் கொடுத்து வந்த ஒருவர் பாதியில் நிறுத்தினால் அது தப்பா? "என் காசு, என் இஷ்டம்" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. உலகத்தில் நடந்த ஒரு காரியத்தை வைத்து இதை யோசித்துப் பார்ப்போம்.

ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனா கால்பந்து அணியை நம் வாலிபப் பிள்ளைகளுக்கு நன்றாய்த் தெரியும். 1899ல் ஆரம்பித்த அந்த கிளப், நூறு வருஷத்துக்கு மேலாக சட்டையின் நெஞ்சில் எந்தக் கம்பெனியின் பெயரையும் போடவில்லை. 2006ல் முதன்முதலாய் ஒரு பெயரைப் போட்டது. அது ஐ.நா. சபையின் குழந்தைகள் நிதியமான யூனிசெஃப்! மற்ற அணிகள் விளம்பரத்துக்குப் பணம் வாங்கினபோது, இவர்கள் வருஷத்துக்கு 15 லட்சம் யூரோ கொடுத்து அந்தப் பெயரைச் சுமந்தார்கள்.

2011ல் கத்தார் ஃபவுண்டேஷன் பெருந்தொகையோடு வந்தது. அதின் பெயர் நெஞ்சில் ஏறிற்று. பிள்ளைகளின் பெயர் முதுகுக்குப் போயிற்று. 2022ல் முதுகிலிருந்தும் எடுக்கப்பட்டு, அகதிகளுக்கான ஐ.நா. அமைப்பின் பெயர் அங்கே வந்தது.

அவர்களைக் குற்றப்படுத்த நாம் யார்? பதினாறு வருஷம் சுமந்தார்கள். அகதிகளிலும் பிள்ளைகள் உண்டு. ஆனால் நெஞ்சிலிருந்து முதுகுக்குப் போனதே, அதைக் கவனியுங்கள். கொடுப்பது ஒரே நாளில் நிற்கிறதில்லை. முதலில் இருதயம் விலகுகிறது, பிறகுதான் கை நிற்கிறது.

கன்வென்ஷனில் ஆவியானவர் ஏவும்போது, "ஒரு ஏழைப் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் நான் கட்டுறேன் பாஸ்டர்" என்று கண்ணீரோடு கை உயர்த்துகிறோம். அந்த ஜூன் மாசம் கட்டுகிறோம். அடுத்த ஜூனுக்குள் மறைமலைநகர் பக்கம் ஒரு பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. "இந்த வருஷம் கொஞ்சம் டைட்டு பிரதர்!" நமக்கு அது வரவு செலவுக் கணக்கு. அந்தப் பிள்ளைக்கோ வகுப்பில் எல்லார் முன்பும் எழுந்து நிற்கிற நாள். நாம் உதவி என்று நினைத்ததை அவள் வாக்கு என்று நம்பினாள்.

வேலை போய்விட்டால்? இல்லாததைக் கர்த்தர் கேட்கிறதில்லை. ஆனால் சொல்லாமல் நிறுத்துவது வேறு. முன்னாடியே சொல்லுங்கள். அந்தப் பிள்ளையை இன்னொரு குடும்பத்தின் கையில் ஒப்புவித்துவிட்டு விலகுங்கள். அதுவும் கொடுக்கிறவனுடைய கடமைதான்.

அன்னாளை நினைத்துப் பாருங்கள். சாமுவேலை சீலோவில் விட்டதோடு பொருத்தனை தீர்ந்தது என்று அவள் இருந்துவிடவில்லை. வருஷாவருஷம் அவனுக்குச் சட்டை தைத்து எடுத்துப்போனாள் (1 சாமுவேல் 2:19). பிள்ளை வளருகிறான், போன வருஷத்துச் சட்டை இந்த வருஷம் பத்தாது என்று அந்தத் தாய்க்குத் தெரியும்.

பள்ளிக்கூடம் திறக்குமுன், நீங்கள் கை உயர்த்தின பிள்ளைக்காகப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். பெயர் ஞாபகம் வரவில்லையா? அது முதுகுக்குப் போய்விட்டது. இன்றைக்கே நெஞ்சுக்குக் கொண்டு வாருங்கள்.

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென். மாரநாதா!