நியாயம் நம் பக்கம் இருந்தாலும்

நம் மீது தவறே இல்லை என்றால், தவறு செய்தவர் மீது குரோதம் வைத்திருக்கலாமா?

அபூபக்ர் (ரலி) அவர்கள் தம் ஏழை உறவினர் மிஸ்தஹ் (ரலி) அவர்களின் செலவைக் கவனித்து வந்தார்கள். அவரோ, ஆயிஷா (ரலி) அவர்கள் மீதான அவதூறைத் தாமும் பேசினார். பெற்ற தகப்பனின் கோபம் நியாயமானதே. இனி உதவ மாட்டேன் எனச் சத்தியம் செய்தார்கள். அப்போது இறங்கிய அந்நூர் அத்தியாயத்தின் 22ஆம் வசனம், மிஸ்தஹ் செய்தது சரி என்று சொல்லவில்லை. அல்லாஹ்வின் மன்னிப்பு உங்களுக்கு வேண்டாமா என்றே கேட்டது. அபூபக்ர் (ரலி) அவர்கள் உதவியைத் தொடர்ந்தார்கள்.

பாகப்பிரிவினையில் அண்ணன் ஏமாற்றியிருக்கலாம். உரிமையைக் கேளுங்கள்; ஜமாஅத்தில் முறையிடுங்கள். ஸலாமை மட்டும் நிறுத்தாதீர்கள். மூன்று நாளுக்கு மேல் சகோதரனை வெறுத்து ஒதுக்குவது கூடாது. ஸலாமை முந்திச் சொல்பவரே சிறந்தவர் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. ஜும்ஆ முடிந்ததும் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அல்லாஹ் நம் உள்ளங்களைத் தூய்மையாக்குவானாக! ஆமீன்.